அனந்தபுரியின் அருளிசை

திருவனந்தபுரம் கோட்டையினுள்ளே, பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள நவராத்திரி மண்டபத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை. மாலை 6 மணிக்குத் தொடங்கும் கச்சேரி இரவு எட்டரை மணிக்கு நிறைவுறும். பாடுவோர் கலைமகளின் திருமுன் அமர்ந்து பாடுவர். கேட்போர் தரையில் அமர்ந்து கேட்பர். எத்துணைப் பெரிய வித்துவான் எத்துணை அரிய சங்கதியை எடுத்துப் பாடினும் கரவொலி எழுவதில்லை. சபாக் கச்சேரிகளில் பழகிய நம் செவிகளுக்கு இஃது ஒரு குறை போல முதலில் தோன்றும். அர்ச்சனை முடிந்ததும் நாம் அர்ச்சகரை நோக்கிக் கைதட்டுவதுண்டோ என்று எண்ணிப் பார்த்தால், அந்த அமைதியின் பொருள் விளங்கிவிடும்.

இம்மண்டபத்தில் எழுந்தருளும் கலைமகள் இவ்வூர்த் தெய்வம் அல்லள். ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து விருந்தாக வருபவள். கம்பர் வழிபட்ட திருவுருவம் இது என்றும், நவராத்திரி விழாவைத் தவறாது நடத்தவேண்டும் என்னும் உறுதிமொழி பெற்றுச் சேர மன்னரிடம் அவர் ஒப்படைத்தார் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. வரலாற்றாசிரியர் இதற்குச் சான்று கேட்பர், பக்தர்கள் கேட்பதில்லை. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரமாக இருந்த காலத்தில் விழா அங்கேயே நடைபெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியபோது விழாவும் உடன் மாறிற்று. ஆயினும் தேவி தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் துணைவர, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேர்கிறாள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பத்மநாபபுரம் சென்னை மாநிலத்தின்பால் வந்தது. அங்குள்ள அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நிற்கிறது. எல்லைக்கோடு வரைந்தவர்கள் தேவியின் பயணத்தைத் தடுக்கவில்லை. இரு மாநிலக் காவலரும் அவளுக்கு மரியாதை செலுத்தி வழியனுப்புகின்றனர். பிற மாநிலங்களில் வாழும் நாம், ஆண்டுக்கு ஒருமுறை எல்லை கடந்து சென்று மீளும் இத்தேவியிடம் தனிப்பற்றுக் கொள்வது இயல்பே.

சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) இவ்விழாவுக்கென ஒன்பது வடமொழிக் கீர்த்தனங்களை இயற்றினார். நாளுக்கு ஒன்றாக அவை பாடப்படும். முதல்நாள் சங்கராபரணம்; பின்னர் முறையே கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, இறுதிநாள் ஆரபி. அன்றைய கீர்த்தனத்தின் இராகமே அன்றைய கச்சேரியின் நடுநாயகம். தோடி நாளில் வரும் இரசிகர் தோடி ஆலாபனையை எதிர்நோக்கியே வருவார். கச்சேரிக்கு முன்னர் முல்லமூட்டுப் பாகவதர்கள் தோடயமங்களம் பாடுவது மரபு. ஒலி நன்கு பரவவேண்டி மண்டபத்தின் மேற்கூரையில் மட்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கின்றனர். ஒலிநூல் வல்லுநர் எவரும் இல்லாத காலத்துத் தச்சர்களின் அறிவு அது.

சுவாதித் திருநாளின் அவையில் தஞ்சை மணம் மிகுந்திருந்தது. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சைச் சகோதரர் நால்வரும் அங்கே ஆதரவு பெற்றனர். வடிவேலுவின் வயலின் வாசிப்பில் ஈடுபட்ட மன்னர் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். மேலைநாட்டுக் கருவி ஒன்று நம் கோயிலிசைக்கும் கச்சேரிக்கும் உரியதாக மாறிய கதையில் அது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி. நூறாண்டு கழிந்தபின் மன்னரின் உருப்படிகள் பல வழக்கிழந்து கிடந்தன. அவற்றைத் தேடித் தொகுத்துச் சுரப்படுத்தும் பணிக்கு மீண்டும் தமிழ்நாட்டு வித்துவான்களே அழைக்கப்பெற்றனர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அப்பணியைத் தொடங்கினார். 1939-இல் நிறுவப்பெற்ற சங்கீதக் கலைக்கழகத்திற்கு அவரே முதல் தலைவர். அவருக்குப்பின் செம்மங்குடி சீனிவாச ஐயர் அப்பொறுப்பை ஏற்று 1963 வரை வகித்தார். இன்று நாம் கேட்கும் சுவாதித் திருநாள் கீர்த்தனங்களுள் பலவற்றின் மெட்டில் இவ்விருவர் கைவண்ணம் கலந்துள்ளது. அதனால் மன்னரின் மூலமெட்டு எது, பின்னவர் அமைத்தது எது என்னும் வாதம் இசையறிஞரிடையே எழுந்தது. அது முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகச் சொல்லவியலாது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வாதம் புதிதன்று. மூலத்தைக் காப்பாற்றியவன்மீதே மூலத்தை மாற்றினான் என்னும் பழியும் விழும்.

அக்கலைக்கழகத்தில் முதன்முதலாகச் சேர்ந்த மாணவியர் வரிசையில் தலைநிற்பவர் பாறசாலை பி. பொன்னம்மாள். 1924-இல் பிறந்தவர். கலைமகளின் ஊர்வலம் ஆண்டுதோறும் அவர் பிறந்த பாறசாலை வழியாகவே செல்லும். இசை பயின்று, இசை பயிற்றி, திருப்பூணித்துறை இசைக்கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். சுவாதித் திருநாள் உருப்படிகளை அவரினும் நன்கு அறிந்தோர் சிலரே. எனினும் நவராத்திரி மண்டபத்தில் பாட அவருக்கு இடம் இல்லை. பெண்கள் அம்மேடையில் பாடுவது வழக்கமன்று என்பதே காரணம். எழுந்தருளியிருப்பவள் பெண், பாடப்படும் பாடல்கள் ஒன்பதும் பெண்தெய்வத்தின் புகழ், பாடுவதற்கு மட்டும் பெண்குரல் ஆகாது என்றிருந்தது. 2006-ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கம் நீங்கியது. அவ்வாண்டு பொன்னம்மாளே அம்மண்டபத்தில் பாடிய முதற்பெண்மணி ஆனார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. பின்னர்ப் பெண் வித்துவான்கள் பலரும் அங்கே பாடியுள்ளனர். அவர் 2021-இல் மறைந்தார். இளமையில் அவர் குரலை அம்மண்டபம் கேட்டிருக்கலாகாதா என்னும் ஏக்கம் நமக்கு இன்னும் தீரவில்லை.

அரண்மனையும் மண்டபமும் இவ்வாறிருக்க, கரமனை ஆற்றங்கரையில் வேறொரு மரபு தழைத்தது. அதற்கு அரசர் ஆதரவு வேண்டியிருக்கவில்லை. ஒரு சுருதிப்பெட்டியும் தாளக்கட்டையும் போதும். நீலகண்ட சிவன் (1839–1900) நாகர்கோயிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்திலும் கரமனையிலும் வாழ்ந்து, தமிழிலே சிவபெருமான்மீது எண்ணற்ற கீர்த்தனங்களைப் பாடியவர். அவர் முகாரியில் அமைத்த பாடலை மதுரை சோமு உருகிப் பாடக் கேட்டவர்களும், பூர்விகல்யாணியில் தில்லைக் கூத்தனைப் பாடிய பாடலைக் கேட்டவர்களும், இவற்றை இயற்றியவர் தஞ்சைக்காரர் என்றே எண்ணிக்கொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பாடகர் பெயர் நினைவில் நிற்கும் அளவுக்குப் பாட்டு இயற்றியவர் பெயர் நிற்பதில்லை.

கரமனையில் நிகழ்ந்த அவருடைய பஜனைகளை நாடி வந்தோருள் இராமையா என்னும் சிறுவனும் ஒருவன். தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்து, தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தவன். அங்குள்ள வடமொழிக் கல்லூரியிலே பயின்றான். நூரணி மகாதேவ பாகவதரிடம் இசை கற்றான். 1910-இல் தாயும் மறைந்தபின் ஊரைவிட்டுப் புறப்பட்டான். பாபநாசம் சிவன் (1890–1973) என்று தமிழுலகம் போற்றும் பெருந்தகை அவரே. மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளிலே பாபநாசம் சிவன் நடத்திய பஜனை சென்னைக்கே ஒரு பெருமையாயிற்று. அந்தப் பஜனையின் வித்து விழுந்தது திருவனந்தபுரத்து அக்கிரகாரத் திண்ணைகளில். தமிழிசை இயக்கத்தைப் பற்றிப் பேசுவோர் இவ்வூரை மறந்துவிடுகின்றனர். பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்கள் தமிழிலே பாடிக்கொண்டிருந்ததால் விளைந்த செல்வம் அது.

இதுகாறும் கூறியவை மதிலுக்குள் செல்ல உரிமை பெற்றிருந்தோரின் இசை. மதிலுக்கு வெளியே நின்றோரும் இருந்தனர். திருவிதாங்கூர் அரசர் 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிடும்வரை, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் இக்கோயில்களில் ஒலித்த சோபான இசையையோ, இடைக்காவின் நாதத்தையோ அருகில் நின்று கேட்கவும் இயலாதிருந்தனர். அவர்களுக்குப் பாட்டு வேறிடத்திலிருந்து வந்தது. நகரை அடுத்த செம்பழந்தியிலே பிறந்த நாராயண குரு, 1888-இல் அருவிப்புறத்தில் தாமே சிவலிங்கத்தை நிறுவினார். 1914-இல் பத்துச் செய்யுட்கள் கொண்ட தெய்வதசகம் என்னும் பிரார்த்தனையை இயற்றினார். அதில் எந்தத் தெய்வத்தின் தனிப்பெயரும் முன்னிறுத்தப்படவில்லை, எச்சமயத்தாரும் பாடலாம். மாலையில் விளக்கேற்றியதும் கேரளத்து இல்லங்கள் பலவற்றில் அது இன்றும் ஒலிக்கிறது. குரு தமிழும் நன்கறிந்தவர் என்பதும், தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடியுள்ளார் என்பதும் நம்மவருள் பலர் அறியாத செய்தி.

ஆற்றுக்கால் பகவதியின் பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மாசித் திங்களில் நிகழும் பத்துநாள் விழாவில் ஒன்பதாம் நாள் பொங்கல். 2009-ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்கள் பொங்கலிட்டனர் என்று கின்னஸ் பதிவு கூறுகிறது. நகரத்துச் சாலைகளெல்லாம் அடுப்புகளாகிவிடும் அக்காட்சியைப் படத்தில் கண்டவர் பலர். அதை நடத்திச் செல்லும் பாட்டைக் கேட்டவர் சிலர். காப்புக் கட்டிய நாள்முதல் கோயிலின்முன் பச்சைப் பந்தலில் அமர்ந்து, பாடகர் சிலர் கைத்தாளம் தட்டித் தோற்றம் பாட்டுப் பாடுவர். அப்பாட்டு நம் கண்ணகியின் கதை. கோவலனுக்கு அதில் பாலகன் என்று பெயர். பிறப்பு, திருமணம், சிலம்பு விற்கச் சென்றது, கொலையுண்டது என்று நாள்தோறும் கதை வளரும். பாண்டியன் முடிவைப் பாடகர் பாடியதும் கோயிலில் அடுப்பு மூட்டப்படும். அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு தீப் பரவும். மதுரை எரிந்த தீ இங்கே சோறாக்கும் தீயாகிறது.

தோற்றம் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தோத்திரம் என்பதன் திரிபு என்பார் உண்டு. தோன்றச் செய்தல் என்னும் பொருளில் வந்த தனிச்சொல் என்பார் உண்டு. நாம் இரண்டாம் கட்சியினர். பாட்டினால் தேவியை அவ்விடத்தே தோன்றச் செய்வதே அப்பாடகரின் வேலை என்பதை ஒருநாள் கேட்டவரும் உணர்வர். இளங்கோவடிகளின் காப்பியம் ஏட்டிலே கிடந்து, உ. வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்தபின் நமக்குக் கிட்டியது. எழுத்தை நம்பாத இந்தப் பாடகர்களோ கண்ணகியின் கதையை வாய்வழியே காத்து வந்திருக்கின்றனர். சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தான் என்று சிலம்பு கூறும் நாட்டில் அவளுடைய கதை இன்னும் பாடப்படுகிறது என்பது தமிழர்க்குச் சிறு செய்தியன்று.

நகரின் நடுவே பாளையம். திருவிதாங்கூர்ப் படை தங்கிய இடம் ஆதலின் இப்பெயர். அங்கே ஜும்மா பள்ளிவாசலும், புனித சூசையப்பர் பேராலயமும், கணபதி கோயிலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. பாங்கொலியை இசை என்று கூறுவதை இஸ்லாமியப் பெரியோர் ஏற்பதில்லை. அது அழைப்பு, அவ்வளவே. ஆகவே அதை நாம் இங்கே இசைக்கணக்கில் சேர்க்கவில்லை.

இலத்தீன் முறைக் கத்தோலிக்கரின் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதியின் கடற்கரைப் பங்குகளும் அதில் அடங்கும். ஆகவே ஒரே மறைமாவட்டத்தில் தமிழிலும் மலையாளத்திலும் பாட்டு எழுகிறது. தவக்காலத்தில் கேரளக் கிறித்தவர் பாடும் 'புத்தன் பானை'யை இயற்றியவர் அர்ணோஸ் பாதிரியார் (1681–1732) என்னும் ஐரோப்பியத் துறவி. நம் வீரமாமுனிவர் பிறந்தது 1680-இல். இருவரும் இயேசு சபையினர். ஒருவர் தமிழுக்குத் தேம்பாவணி தந்த அதே காலத்தில் மற்றவர் மலையாளத்துக்குப் பானைப் பாட்டுத் தந்தார். அப்பாட்டில் மகனை இழந்த மரியன்னையின் புலம்பல் வரும் பகுதியைத் துக்க வீடுகளிலும் பாடுவதுண்டு. அதைக் கேட்டபோது நமக்கு நினைவுக்கு வந்தவை நம் ஊர் ஒப்பாரிகளே.

பட்டத்திலுள்ள மலங்கரைக் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஒலிப்பதோ மேற்குச் சிரியா நாட்டின் இசைமரபு. எட்டு மெட்டுகளை வாரம்தோறும் முறையாகச் சுற்றிவரப் பாடுவது அதன் இலக்கணம். நம் தேவாரப் பண்களுக்குப் பகற்பண், இரவுப்பண் என்று பொழுது வகுத்திருப்பதை அறிந்தோர்க்கு இவ்வொழுங்கு அந்நியமாகத் தோன்றாது. நெடுங்காலம் சுரியானி மொழியில் நடந்த வழிபாடு மலையாளத்துக்கு மாறியபின்னும் மெட்டுகள் பெரும்பாலும் பழையனவே. சொல் மாறிற்று, நாதம் நின்றது.

சீர்திருத்தச் சபையினரிடையே நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. இலண்டன் மிஷன் சபை 1806-இல் மயிலாடியில் கால்கொண்டது. ஆங்கிலேயப் பாதிரிமார் தங்கள் நாட்டு மெட்டுகளைக் கொண்டுவந்தனர். மக்கள் அவற்றை மரியாதையோடு பாடினர். மனமோ கீர்த்தனத்தையே நாடிற்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய தமிழ்க் கீர்த்தனங்கள் தென்திருவிதாங்கூர்த் தமிழ்ச் சபைகளில் வேரூன்றியிருந்தன. நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் பிறந்த மோசவற்சலம் சாஸ்திரியார் (1847–1916) கர்நாடக இசையைப் பயின்று, மலையாளத்திலே கிறித்தவக் கீர்த்தனங்களை இயற்றினார். இன்று கேரளத்து ஆலயங்களில் சபைவேறுபாடின்றி அவை பாடப்படுகின்றன. இராகமும் தாளமும் ஒரு சமயத்தாரின் தனியுடைமை என்று கருதுவோர், ஞாயிறு காலையில் அக்கீர்த்தனங்களை ஒருமுறை கேட்டல் நலம்.

நகரின் தென்மேற்கே கடற்கரையில் பீமாபள்ளி. அங்கு நடைபெறும் உரூஸ் விழாவில் சந்தனக்குடம் ஏந்திவருவோர் இஸ்லாமியர் மட்டும் அல்லர். தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வருகின்றனர். தப்பு முழக்கி ஆடிப்பாடும் தப்முட்டும், மௌலூது ஓதுதலும், மாப்பிளைப் பாட்டும் கேரள முஸ்லிம்களின் மரபு. மாப்பிளைப் பாட்டு வரிசையில் ஆண்டு தெளிவாக அறியப்பட்ட மிகப் பழைய நூல் 1607-இல் கோழிக்கோட்டுக் காஜி முகம்மது இயற்றிய முகியித்தீன் மாலை. அரபு எழுத்தில் எழுதப்பட்ட அம்மாலையில் தமிழ்ச் சொற்கள் நிறைந்துள்ளன. அக்காலத்தில் இருமொழிக்கும் இடையே மதில் உயரவில்லை. இசைக்கருவி கொண்டு பாடுவதும், தர்காக்களில் விழா எடுப்பதும் சமயநெறிக்கு ஏற்குமா என்பதில் இஸ்லாமியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாதத்தில் தலையிட நமக்குத் தகுதியில்லை.

தமிழ்ப் பாட்டையே கேட்கவேண்டுமெனில் தக்கலைக்குச் செல்லவேண்டும். அங்கே அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா, தென்காசியில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து, ஞானப்பாடல்கள் பாடிய சூஃபிப் பெரியார். ஆண்டுவிழா இரவில் அன்பர்கள் கூடியமர்ந்து அவருடைய ஞானப்புகழ்ச்சியை விடியும்வரை ஒரே குரலாய்ப் பாடுகின்றனர். அனைத்தும் தமிழ். அத்தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை நடந்து செல்லும் தொலைவே. கலைமகள் புறப்படும் வாசலும் ஞானப்புகழ்ச்சி ஒலிக்கும் வாசலும் அத்துணை அண்மையில் உள்ளன.

இவற்றையெல்லாம் நகரமெங்கும் கொண்டு சென்றதில் வானொலிக்கும் பங்குண்டு. 1943-இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது திருவனந்தபுரம் நிலையம். கோயிலுக்குள் நுழையாதவரும், ஆலயத்துக்குச் செல்லாதவரும், பள்ளிவாசலை எட்டிப் பாராதவரும் தத்தம் அடுக்களையில் இருந்தபடியே பிறர் பாட்டைக் கேட்கலாயினர்.

சில ஆண்டுகளுக்குமுன் கரமனையில் ஓர் அன்பரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வீட்டிலுள்ள மூதாட்டியார் நீலகண்ட சிவனின் பாடல்கள் எழுதிய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். எழுத்து தமிழ். அதனருகே புதிய நோட்டு ஒன்றும் இருந்தது. அதிலும் அதே பாடல்கள், ஆனால் மலையாள எழுத்தில். பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆதலால் தாமே உட்கார்ந்து பெயர்த்தெழுதியதாகக் கூறினார். தமிழின் ஒற்றை 'க'வுக்கு மலையாளத்தில் எந்த எழுத்தை இடுவது என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்க வேண்டியிருந்ததாம். "எழுத்து போனாப் போறது, பாட்டு போகப்படாது" என்றார். தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம் இல்லங்களில் தேவநாகரியில் எழுதிவைத்த திருப்புகழ் ஏடுகளைக் கண்ட நமக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை. பழைய நோட்டின் ஓரங்களில் மூதாட்டியாரின் தாயார் குறித்திருந்த தாளக் குறிகள் புதிய நோட்டில் இல்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, பேத்தியை அழைத்துப் பேனாவைக் கொண்டுவரச் சொன்னார்.